ஸோராவும் கெல்வாவும் என் இரண்டு கால்களும்

என் வீட்டுக்காரர் சுகுமாறனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. குடி இல்லை, சிகரெட் இல்லை, லாட்டரி நம்பர் எழுதுவதும் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பார், அது ஒன்றுதான். எங்கள் ஊர் சிகாமட்டில் நாங்கள் சாமான் வாங்கப் போகும் சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு பற்பசையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிற்கிற நேரத்தில், தள்ளுவண்டியில் இருக்கும் உறைந்த கோழி இளகித் தண்ணீர் விட்டுவிடும். ரைஸ் குக்கர் வாங்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். மூன்று மாதமும் நான் சட்டியில் சோறு வடித்தேன். ஒருவழியாக அவர் முடிவு செய்து கடைக்குப் போனபோது, அந்த மாடலை நிறுத்திவிட்டோம் என்றார்கள். இருந்ததை வாங்கிக்கொண்டு வந்தோம், அதுவும் சோறு ஆக்குகிறது.

இப்படிப்பட்ட மனிதரிடம், போன தீபாவளி முடிந்த கையோடு, "ஏங்க, எனக்கு ஒரு மோட்டர் வேணும்" என்று கேட்டது நான்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் ஊரில் இரண்டு சக்கரத்தில் ஓடுவது எதுவானாலும் மோட்டர்தான். அவரிடம் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய கப்சாய் ஒன்று இருக்கிறது, காலால் கியர் போடுகிற சின்ன வண்டி. அதில்தான் அவர் ஸ்டோர் கீப்பராக இருக்கும் செம்பனை ஆலைக்குப் போகிறார். எனக்குத் தொழிற்சாலை வேன். அது எங்கள் தாமான் குடியிருப்பு முனைக்குக் காலை ஏழு மணிக்கு வரும். வராத நாளும் உண்டு, வந்து நிற்காமல் போகிற நாளும் உண்டு.

"கண்டிப்பா வாங்கலாம் லா" என்றார் சுகுமாறன். "ஆனா ஆழம் தெரியாம கால விடக்கூடாது. நான் பாத்து எடுத்துத் தரேன்."

பார்க்க ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் ஊரில் உள்ள ஸ்கூட்டர்களையெல்லாம் கழித்துக் கட்டிவிட்டு இரண்டே இரண்டில் வந்து நின்றார். ஒன்று ஸோரா, மற்றொன்று கெல்வா. அட, ஒரு வாரத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்டாரே என்று நான் அவசரப்பட்டு மகிழ்ந்துபோனேன். அந்த இரண்டில் நின்றவர் எட்டு மாதம் அசையவில்லை. மதில்மேல் பூனைகூட ஏதாவது ஒரு பக்கம் குதித்துவிடும். இவர் மதில்மேல் வீடு கட்டிக் குடிபோய்விட்டார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள். இரண்டும் ஒரே பருமன், ஒரே வேகம், ஒரே முகம். பெயரை மறைத்துவிட்டால் பெற்ற கம்பெனிக்கே அடையாளம் தெரியாது. சுகுமாறனுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வரிசையில் ஓர் அட்டவணை எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார். போன் சார்ஜ் செய்கிற ஓட்டை ஸோராவில் இடப்பக்கம், கெல்வாவில் வலப்பக்கம். பெட்ரோல் தொட்டி கெல்வாவில் அரை கோப்பை பெரிசு. ஹாரன் சத்தம் ஸோராவில் கொஞ்சம் கனம். சீட்டின் உயரம் கெல்வாவில் ஐந்து மில்லிமீட்டர் கூடுதல். இதற்கு நேராக, 'வெள்ளத்துக்கு நல்லது' என்று எழுதி ஒரு மார்க் போட்டிருந்தார். சிகாமட் ஆறு பெருகினால் வீட்டு நாற்காலியே மிதக்கும். அந்தத் தண்ணீரில் ஐந்து மில்லிமீட்டர் என்னைக் காப்பாற்றும் என்று நம்பினார். கூட்டிப் பார்த்தால் பதினொன்றுக்குப் பதினொன்று.

முட்டை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த அட்டவணை என் முகத்துக்கு நேராக வரும். இருபத்திரண்டு வரிசையில் என் பெயர் எங்கேயும் இல்லை. அன்றைக்கு அது எனக்கும் உறைக்கவில்லை.

அவருடைய வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தொரு ஆண்கள் இருக்கிறார்கள். ஓட்டுப்பதிவு நடத்தினார். இருபதுக்கு இருபது வந்தது. மிச்சமிருந்த ஒருவர் இரண்டு நாள் கழித்துத் தாமரைப் பூ படம் போட்டு, காலை வணக்கம் என்று எழுதினார். அவர் எந்தப் பக்கம் என்று இவர் ஒரு வாரம் யோசித்தார்.

அப்புறம் அவருடைய அண்ணன் அர்ச்சுனன் மாமா. லாரி ஓட்டுகிறவர். இரண்டு சக்கர வண்டியில் உட்கார்ந்து இருபது வருஷம் ஆகியிருக்கும், ஆனால் கருத்துக்குக் குறைச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் பொரித்து வைக்கிற கறியைச் சாப்பிட்டுக்கொண்டே, "கெல்வாதான் தம்பி. லாரியில இருந்து பாக்கறேன்ல, ரோட்டுல அதுதான் கம்பீரமா தெரியுது" என்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "கெல்வா மட்டும் வாங்கிடாத" என்பார். ஓட்டப்போகிறவள் கறிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, ரசம் இருக்கிறதா என்பதுதான்.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். ஆனால் மே மாதம் மிஸஸ் டான் என்னைக் கூப்பிட்டார்.

நான் வேலை செய்வது டுரியான் பழத் தொழிற்சாலையில். சுளையைப் பிரித்து, பெட்டியில் அடுக்கி, உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆறு வருஷமாக நான் அடுக்குகிற வரிசையில் நிற்கிறேன். மிஸஸ் டான் முதலாளியம்மா. என்னை அறையில் உட்காரவைத்து, மலாயில், டுரியான் பருவம் தொடங்குகிறது, ஜூன் பதினைந்திலிருந்து இரண்டாம் வரிசைக்கு நீதான் லைன் லீடர் என்றார். லைன் லீடர் ஆறு மணிக்கே வந்து குளிர் அறையைத் திறந்து, ஆட்களுக்குக் கையுறை எடுத்துவைக்க வேண்டும். வேன் அதற்குப் பிறகுதான் கிளம்பும். "சொந்த வண்டி இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடு பிரேமலா, லோஷினிக்குக் கொடுத்துவிடுகிறேன்."

லோஷினி நல்ல பெண்தான். சுளை நசுங்காமல் எடுக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான். அவளிடம் மோட்டர் இருந்தது, என்னிடம் இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தில் என் ஆறு வருஷம் அடித்துக்கொண்டு போய்விடும் போலிருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. ஆறு வருஷத்தில் ஒருவர் என்னை உட்காரவைத்து, நீ நன்றாகச் செய்கிறாய் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வெளியே வந்து கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

வண்டி இருக்கிறது என்று மிஸஸ் டானிடம் சொல்லிவிட்டேன். ஏழு மாதமாக எங்கள் ஐஸ்பெட்டிக் கதவில் இரண்டு வண்டி நிற்கிறதே, அந்தத் தைரியத்தில் சொன்னேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் சுகுமாறன் சந்தோஷப்பட்டார். அதைப் பொய் சொல்லக் கூடாது. "லைன் லீடரா! அலமாக்!" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நாற்பத்தொரு பேரும் கைதட்டும் படம் அனுப்பினார்கள். அப்புறம், "இப்பதான் ரொம்பப் பாத்து எடுக்கணும்" என்றார்.

மே முடிந்தது. ஜூன் பிறந்தது. "ஸோராவோ கெல்வாவோ, ஏதாச்சும் ஒண்ணு எடுங்க, இன்னும் பத்து நாள்தான் இருக்கு" என்று நான் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவர் ஐஸ்பெட்டிக் கதவுக்குப் போய் அட்டவணையை மறுபடி மேலிருந்து கீழாகப் படித்தார். அப்புறம் முகம் தெளிந்து சொன்னார்.

"இனிமே மனுசனால முடியாது பிரேமா. ரெண்டும் அவ்வளவு சமம். வெள்ளிக்கிழமை அம்பாள்கிட்ட பூ கட்டிப் பாத்துருவோம்."

பூக் கட்டிப் பார்ப்பது தெரியுமல்லவா? பெண்ணுக்கு இந்த மாப்பிள்ளையா அந்த மாப்பிள்ளையா, ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று மனிதர்கள் தவித்துப்போய் நிற்கும்போது, சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் என்று கட்டி, சந்நிதியில் போட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். எந்தப் பூ வந்ததோ அதுவே அம்பாள் வாக்கு. எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் என் அப்பா கிடைத்தார். அந்த அம்பாளிடம் போய், போன் சார்ஜ் செய்கிற ஓட்டை இடப்பக்கம் இருக்கட்டுமா வலப்பக்கம் இருக்கட்டுமா என்று கேட்கப்போகிறார் என் வீட்டுக்காரர். சிவப்பு வந்தால் ஸோரா, வெள்ளை வந்தால் கெல்வா. பொட்டலம் கட்டுகிற வேலை எனக்கு.

சிவப்பு அரளி எங்கள் வாசலிலேயே பூத்துக் கிடந்தது. வெள்ளை அரளி பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது, அங்கே நாய் கடிக்கும். வாழையிலைத் துண்டு இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றேன். நாய் என்னைப் பார்த்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வெள்ளை வந்தால் சிவப்பு ஏன் வரவில்லை என்பார். அடுத்த வெள்ளி இன்னொரு கோயில் என்பார். எந்த வண்டியானால் எனக்கென்ன? எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில் வந்தால் போதும். நாய்க்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி, இரண்டு இலையிலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன். தாயே, மன்னிச்சுக்கோ, எனக்குப் பதினைந்தாம் தேதி வேலை இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கோயிலில் ஐயர் தீபாராதனை காட்டி, இரண்டு பொட்டலத்தையும் படியில் போட்டார். அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். சுகுமாறன் கண்ணை இறுக்க மூடியிருந்தார். சிவப்பு வந்தது.

"ஸோரா" என்றார் சுகுமாறன், பிள்ளை பிறந்த செய்தி கேட்டவர் போல. ஒரு நிமிஷம்தான். உடனே அவர் நெற்றி சுருங்கியது. "ஐயரே, இன்னொண்ணையும் பிரிச்சிப் பாத்துரலாமா? சும்மா, ஒரு செக்கிங்குக்கு."

நல்லவேளை, ஐயருக்குக் கோபம் வந்துவிட்டது. "மத்தத பிரிக்கப்படாது. அம்பாளயே சந்தேகப்படறியா? ஓடற தண்ணில விட்டுரணும்."

"நான் ஆத்துல விட்டுடறேங்க" என்று பொட்டலத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை அர்ச்சுனன் மாமா காரில் மூன்று பேரும் மோட்டர் கடைக்குப் போனோம். கடையில் ஷர்மைன் என்ற பெண் இருந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை, வாயில் சிரிப்பு. சுகுமாறனைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் களைத்துப்போனது. அவர் பல சனிக்கிழமை அங்கே போயிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வாங்க அங்கிள். இன்னிக்கும் பாக்கத்தானா?"

"வாங்கத்தான்" என்றார் சுகுமாறன், அங்கிளை விழுங்கிக்கொண்டு. "ஸோரா. முடிவாயிருச்சு."

ஷர்மைன் நம்பாமல் பேனாவை எடுத்தாள். "சரி. யாரு ஓட்டப்போறது?"

"என் வய்ஃப்."

அவள் என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. "அக்கா ஏறி உக்காந்து பாத்தீங்களா?"

சுகுமாறன் அர்ச்சுனன் மாமாவைப் பார்த்தார், மாமா மின்விசிறியைப் பார்த்தார். எட்டு மாதம், இருபத்திரண்டு வரிசை, நாற்பத்தொரு ஆண்கள், ஓர் அம்பாள். இந்த ஒரு கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி ஆவேன். இருபது வயதில் லைசென்ஸ் எடுத்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு பதின்மூன்று வருஷமாகப் பின்சீட்டு. பின்சீட்டில் இருப்பவளுக்குக் கால் தரையில் பட வேண்டிய தேவையே இல்லாததால், கால் இருப்பதையே மறந்துவிட்டேன்.

ஏறி உட்கார்ந்தேன். சீட்டு சோபா மாதிரி அகலம். வலது காலை நீட்டினேன், பெருவிரல் நுனி தரையைத் தடவியது. இடது காலை நீட்டினேன், அது காற்றில் துழாவியது. ஸ்டாண்டை எடுத்ததும் வண்டி என்னையும் சேர்த்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஷர்மைன் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால், வரிசையாக நின்ற வண்டிகளையெல்லாம் சீட்டுக்கட்டு போலச் சாய்த்துவிட்டு நான் மேலே கிடந்திருப்பேன்.

"கட்டை" என்று மாமா சிரித்தார். "கெல்வாவா இருந்தா சரியா இருந்திருக்கும்."

"கெல்வா இன்னும் அஞ்சு மில்லி ஒசரம் அங்கிள்" என்றாள் ஷர்மைன்.

"வெள்ளத்துக்கு நல்லது" என்றேன் நான். சுகுமாறன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போகப் போகப் பழகிடும் பிரேமா. கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காரு. இல்லன்னா ஹீல்ஸ் போட்டுக்கோ."

"ஃபேக்டரியில ரப்பர் பூட்ஸுங்க."

"சரி, ஹீல்ஸ் வெச்ச பூட்ஸ் இருக்கான்னு பாப்போம்" என்று போனை எடுத்தார். தேட ஆரம்பித்துவிட்டார். அந்த நேரத்தில் அவரைக் கன்னத்தில் அறையலாம் போல எனக்கு வந்தது.

ஷர்மைன் என் கையைப் பிடித்து மூலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே மினோ என்று ஒரு சின்ன ஸ்கூட்டர் நின்றது. முன்னால் கூடை, மஞ்சள் நிறம். எங்கள் ஊர்ப் பெண்கள் பாசாருக்கு மீன் வாங்கப் போகிற வண்டி. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. குதிகால்கூட. ஏதோ என் வீட்டுக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது.

"இது போதும்" என்றேன்.

"அதா?" என்று மாமா அங்கிருந்தே கத்தினார். "அது மீன்கூடை மோட்டர் லா. லைன் லீடர் அதுலயா போவாங்க?"

சுகுமாறன் நடந்து வந்தார். இப்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது. "பிரேமா, அம்பாள் ஸோரா குடுத்திருக்கு. சந்நிதியில வாக்குக் கேட்டுட்டு, வந்ததை வேணாம்னு சொன்னா, அது சாமி குத்தம். நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. நான் கட்டிய பொட்டலம் என் கழுத்தையே கட்டியது. நாய்க்குப் பயந்து பறித்த பூ, இப்போது தெய்வ வாக்காக வந்து என் முன்னால் நிற்கிறது.

"கால் எட்டலையேங்க. விழுந்துருவேனே."

"அதான் யோசிச்சேன்" என்றார். முகம் பளிச்சென்று ஆனது. "இப்படிச் செய்வோம். அம்பாள் சொன்ன மாதிரி ஸோரா எடுத்துருவோம். அதை நான் ஓட்டறேன். என் பழைய கப்சாய நீ எடுத்துக்கோ."

ஷர்மைன் பேனாவை மூடினாள். அவர் சொல்லி முடித்துவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்தவர் போல, மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டார். வேண்டுமென்று திட்டம் போட்டுச் செய்கிற ஆள் இல்லை அவர், அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆனால் எட்டு மாதமாக யாருடைய காலுக்கு, யாருடைய கம்பீரத்துக்கு வண்டி பார்த்தார் என்பது அந்தக் கடையில் நின்ற எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் நல்ல தெளிவான கோபம்.

கைப்பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தேன்.

"பிரிக்காத! ஆத்துல விடல?" என்று பதறினார்.

நாரை அவிழ்த்து இலையை விரித்து, கௌண்டரில் வைத்தேன். ஒரு ராத்திரியில் கொஞ்சம் வதங்கியிருந்தது. ஆனால் நல்ல சிவப்பு.

சுகுமாறன் பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பூவைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கையில் இரண்டு இருந்து, அவற்றில் எந்த வித்தியாசமும் இல்லை.

"ரெண்டுலயும்?"

"ரெண்டுலயும் சிவப்புதான். வெள்ளை பக்கத்து வீட்டுல இருந்துச்சு. நாய் கடிக்கும்."

"நீ... நீ அம்பாளயே ஏமாத்திட்டியா?"

"அம்பாளுக்கு எல்லாம் தெரியுங்க. ஏமாந்தது நீங்க மட்டும்தான்."

அர்ச்சுனன் மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு, காரில் ஏதோ எடுக்க வேண்டும் என்று வெளியே போனார். வெயிலில் நின்று வாட்ஸ்அப்பில் நாற்பத்தொரு பேருக்கும் சொல்லிவிட்டார் என்பது பிற்பாடு தெரிந்தது.

"யார் பேர்ல போடட்டும்கா?" என்று கேட்டாள் ஷர்மைன், பேனாவைத் திறந்து.

"பிரேமலா" என்றேன். "மினோ. மஞ்சள் கலர். புதன்கிழமை கெடைக்குமா?"

"கெடைக்கும்."

என் சம்பளச் சீட்டைக் கொடுத்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சுகுமாறன் ஸோராவுக்கும் கெல்வாவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை இதன்மேல், ஒரு கை அதன்மேல்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கோபம் என்றால்கூடப் பரவாயில்லை, வெட்கம். வெட்கப்படுகிற ஆணோடு ஒரே வீட்டில் இருப்பது பெரிய தொல்லை. சோறு போட்டால் கையைக் கழுவிக்கொண்டே இருப்பார். செவ்வாய்க்கிழமை இரவு ஐஸ்பெட்டியில் அட்டவணையைக் காணோம். குப்பைக்கூடையில் பார்த்தேன், அங்கேயும் இல்லை. மடித்து எங்கேயோ பத்திரப்படுத்தியிருக்கிறார். சரி, போகட்டும்.

புதன்கிழமை தொழிற்சாலை வேன் என்னைக் கடைவாசலில் இறக்கிவிட்டது. வேனிலிருந்து லோஷினியின் தோழிகள் கையாட்டினார்கள். பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு கைப்பிடியைப் பிடிக்கிறேன். முதல் சிக்னல் வரைக்கும் மனதுக்குள் எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். இரண்டாவது சிக்னலில் சிவப்பு விழுந்தது. நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றேன். ஒரு லாரி பக்கத்தில் வந்து உறுமியது, நான் அசையவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே, புது வண்டியை எல்லாரும் முதலில் கொண்டுபோகிற இடத்துக்கு, கோயிலுக்குப் போனேன்.

சுகுமாறன் வாசலில் நின்றார். வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். கையில் தேங்காய், கற்பூரம், நாலு எலுமிச்சம்பழம். இரண்டு சக்கரத்துக்கு எதற்கு நாலு என்று கேட்கவில்லை. எந்த இரண்டு என்று முடிவு செய்ய முடியாமல் நாலையும் வாங்கியிருப்பார்.

ஐயர் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விஷயம் அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஆனாலும் கற்பூரம் காட்டினார். சக்கரத்தின் அடியில் பழத்தை வைத்து, "ம், ஏத்து" என்றார். ஏற்றினேன். இரண்டும் நசுங்கின. மிச்ச இரண்டையும் சுகுமாறன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவர் நடந்து போகலாமா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார்.

"ஏறுங்க" என்றேன்.

"மெதுவா போவியா?"

"திங்கக்கிழமையில இருந்து அஞ்சரைக்குக் கெளம்பணும். இப்பவே கொஞ்சம் வேகமாத்தான் போவேன்."

ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, யானைமேல் ஏறுகிறவர் மாதிரி ஏறினார். கூடை வண்டி ஒரு தடவை அமுங்கி எழுந்தது. அவர் இரண்டு காலும் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு எதையோ தேடின.

"பிரேமா, கால எங்க வைக்கிறது?"

கல்யாணமான மறுநாள் அவருடைய கப்சாயில் ஏறி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். எங்கயாச்சும் வை, கீழ விழாம இருந்தா சரி என்று அன்றைக்குச் சொன்னார். நான் குனிந்து, மடங்கியிருந்த கால்கம்பி இரண்டையும் அவருக்கு இறக்கிவிட்டேன்.

"ரெண்டு பக்கமும் இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரிதான். ஒப்பிட்டுப் பாக்காம வைங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.